ஒலிவரின் வாய்க்குள் இருந்த காந்தம்

ஒலிவருக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. தடித்த தாளில், ஓரமெல்லாம் தங்க நிறக் கொடி வரைந்து, பிறந்த திகதி, நிறை 2.4 கிலோ, நீளம் 48 சென்ரிமீற்றர், கண்ணின் நிறம் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள். தலைமுடி அங்கோரா ஆட்டின் மயிர் என்றும், அதை ஊசியால் இழை இழையாக நட்டார்கள் என்றும்கூட இருக்கிறது. வாய்க்குள் காந்தம் இருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

ஒலிவர் ஒரு பொம்மை. தொரன்டோவில் இருக்கும் என் மச்சாள் தன் தாய்க்கு, அதாவது என் மாமிக்கு, அனுப்பிவைத்தது. இந்த வகைப் பொம்மைகளை ‘ரீபோர்ன்’ என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் பொம்மை சேர்ப்பவர்களிடம் தொடங்கி, இணைய வியாபாரத்தோடு உலகமெல்லாம் பரவிய கைவேலை. வைனைலில் வார்த்த முகத்துக்கும் கைகால்களுக்கும் வர்ணத்தைத் தண்ணீர் போல மெல்லியதாகப் பூசி, அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மறுபடி பூசி, மறுபடி சூடாக்கி, நரம்பின் நீலமும் நகக்கண்ணின் சிவப்பும் தெரியும்வரை விடமாட்டார்கள். உடம்புக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளை நிரப்புவதால் தூக்கினால் பச்சைக் குழந்தையின் பாரம் இருக்கும். கழுத்தைத் தாங்காவிட்டால் தலை பின்னால் சரிந்துவிடும். பெட்டியைத் திறந்த என் கணவர் ஓரடி பின்வாங்கினார். எங்கள் தொடர்மாடியில் மேலே இருக்கும் அன்ரி வந்து பார்த்துவிட்டு, இதற்குள் ஏதாவது குடியேறும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி எண்பதைத் தாண்டியவர். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. பொழுது சாயும் நேரம் வந்தால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் போக வேண்டும், மாட்டுக்குத் தவிடு வைக்க வேண்டும் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாடும் இல்லை, அந்த வீடும் இல்லை. இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ஒலிவர் வந்த பிறகு அந்த வாசல் சண்டை பெரிதும் குறைந்துவிட்டது. இது பொம்மை என்று மாமிக்குச் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. தெரிந்த நேரத்திலும் போர்வையைச் சரிசெய்யாமல் அவரால் இருக்க முடிவதில்லை. வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொம்மை கொடுப்பது பழகிப்போன விடயம். வயதானவர்களைக் குழந்தையாக்கி அவமதிக்கிறோம் என்று அதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் மச்சாளிடம் தொலைபேசியில் அப்படித்தான் வாதாடினேன். மாலை ஆறு மணிக்கு மாமி அமைதியாகக் கதிரையில் இருப்பதைக் கண்ட பிறகு அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

விடயம் அதுவல்ல. விடயம் சூப்பி.

பொம்மையோடு நீல நிறச் சூப்பி ஒன்றும் வந்தது. குழந்தை உறிஞ்சும் முனையை அடியோடு வெட்டி, அந்த இடத்தைத் தட்டையாக மூடியிருந்தார்கள். பொம்மையின் உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் என் விரலிலிருந்து தானாகப் பாய்ந்து ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வர மறுத்தது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ‘டக்’ எனக்கு நன்கு தெரிந்த ஓசை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் கறுப்புக் காந்தம் அப்படிப் பாயாது. இது நியோடைமியம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜோன் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்த கலவை: நியோடைமியம், இரும்பு, போரன். சட்டைப் பொத்தான் அளவு இருந்தாலும் ஒரு கொத்துச் சாவியைத் தூக்கும்.

மாமியின் இடது காறையெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் இருக்கிறது.

இதைப் படிக்கும் சிலருக்கு அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்காது. இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின் துடிப்பு கீழ் அறைக்கு இறங்கி வர வேண்டும். மாமிக்கு அந்த வழி அடைபட்டுப்போயிற்று. கீழ் அறை தன்பாட்டில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது என்று துடிக்க, மாமி குசினியில் மயங்கி விழத் தொடங்கினார். தைத்தேனியம் உறைக்குள் ஒரு மின்கலமும் ஒரு சிறு கணினியும். அதிலிருந்து நாளம் வழியாக இதயத்துக்குள் போகும் கம்பிகள். இவ்வளவுதான் கருவி. அது எந்நேரமும் துடித்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் கவனிக்கும். இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கும். துடிக்கத் தவறினால் மட்டும் ஒரு தட்டுத் தட்டும். அந்தக் கவனிப்புத்தான் அதன் அறிவு முழுவதும்.

உலகில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் உழைத்தது. ஆனால் அவர் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001 இல் தன் 86 ஆவது வயதில்தான் இறந்தார். மாமிக்குச் சத்திர சிகிச்சைக்கு முந்திய இரவு இந்தக் கதையைச் சொன்னேன். “இருபத்தாறு தரம் கிழித்தார்களா?” என்று கேட்டார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வேறு கதை கிடைத்திருக்கலாம்.

இனிக் காந்தத்துக்கு வருகிறேன். பேஸ்மேக்கருக்குக் காந்தம் அந்நியமில்லை. உண்மையில் காந்தத்துக்கென்றே அதில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பழைய கருவிகளில் சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். காந்தம் அருகே வந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி இணைப்பைப் பூட்டும். புதிய கருவிகளில் அந்த வேலையை உணரிச் சில்லு செய்கிறது. மாமியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் போது அங்குள்ள தொழில்நுட்பவியலாளர், நடுவில் ஓட்டை உள்ள வட்டக் காந்தம் ஒன்றை நெஞ்சின் மேல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வைத்தவுடன் கருவி கவனிப்பதை நிறுத்திவிட்டு, இதயம் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் ஒரே வேகத்தில் தட்டத் தொடங்கும். வேகம் கம்பனிக்குக் கம்பனி வேறு: சிலவற்றில் நிமிடத்துக்கு 85, சிலவற்றில் 100. மின்கலம் தேய்ந்திருந்தால் அந்த எண் குறையும். எண்ணைப் பார்த்து மின்கலத்தின் ஆயுளைச் சொல்லிவிடலாம். காந்தத்தை எடுத்ததும் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆகவே மருத்துவர்கள் கையில் அது ஒரு கருவி. பொம்மையின் வாய்க்குள் இருந்தால் அதே காந்தம் அதே வேலையை யாருக்கும் சொல்லாமல் செய்யும். கருவி கண்ணை மூடிக்கொண்டு தட்டும் போது இதயம் தன் சொந்தத் துடிப்பையும் துடித்தால் இரண்டும் மோதும். பெரும்பாலும் படபடப்போடு போய்விடும். அரிதாக, இதயம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும் அந்தக் கணத்தில் தட்டு விழுந்தால் தாறுமாறான துடிப்புக் கிளம்பலாம். அரிதாக என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இரண்டு முறை எழுதுகிறேன். ஒலிவரை ஒரு தரம் அணைத்ததால் யாரும் செத்துப்போவதில்லை.

நிலைமை கடுமையாவது ஐ.சி.டி. வைத்திருப்பவர்களுக்கு. அது இதயம் ஆபத்தான வேகத்தில் ஓடினால் மின் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி. அதன் மேல் காந்தம் இருக்கும்வரை பெரும்பாலான கருவிகள் அந்த ஓட்டத்தைத் தேடுவதையே நிறுத்திவைக்கும். காந்தத்தால் ஒன்றும் நிகழாது. நிகழ வேண்டிய ஒன்று நிகழாமல் போகும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் வராது.

இங்கே ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்கும்: வீட்டில் எத்தனையோ காந்தம் இருக்கிறதே, பொம்மைக்கு மட்டும் ஏன் இந்தக் கூப்பாடு?

பதில் பொம்மையின் வேலையில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியை யாரும் நெஞ்சோடு சேர்த்து அணைப்பதில்லை. குழந்தையை அணைப்போம். அதுவும் எந்தப் பக்கம்? லீ சால்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960 இல் பிரசவித்த தாய்மாரைக் கவனித்து எழுதினார்: ஐந்தில் நான்கு பேர் குழந்தையை இடது பக்கம் அணைக்கிறார்கள், இடக்கைக்காரத் தாய்மாரும் அப்படித்தான். மருத்துவர்கள் பேஸ்மேக்கரை வைப்பதும் பெரும்பாலும் இடது பக்கம், காறையெலும்புக்குக் கீழே. குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டும் போது அதன் வாய் எங்கே போய்ப் படுகிறது என்று உங்கள் கையை வைத்துப் பாருங்கள். பொம்மை செய்கிறவர் காந்தத்தை ஒட்டிய இடமும் வைத்தியர் கருவியைத் தைத்த இடமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கும். சதி செய்து வைத்தாலும் இவ்வளவு துல்லியமாக வராது.

மாமி இடது பக்கக்காரர்தான். ஐந்து பிள்ளைகளை அந்தத் தோளில் வளர்த்தவர்.

அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கைத்தொலைபேசிகளில் திசைகாட்டிக்காக ஒரு காந்த உணரி இருக்கிறது. அதன் எண்ணைக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும். கொழும்பில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. மேசையில் தொலைபேசியை வைத்தபோது அதற்குக் கிட்டிய எண்ணே வந்தது. உடம்புக்குள் வைக்கும் கருவிகள் 1 மில்லிடெஸ்லா வரை, அதாவது 1000 மைக்ரோ டெஸ்லா வரை, காந்தத்தால் தடுமாறக் கூடாது என்பது சர்வதேசத் தரநிலை. அதற்கு மேல் போனால் கருவி மறுமொழி சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டும். மாமி தூங்கும் நேரம் பார்த்து ஒலிவரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் தையல் நாடாவை விரித்து, தொலைபேசியை மெல்ல மெல்ல உதட்டை நோக்கி நகர்த்தினேன். ஒரு சாண் தூரத்தில் எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். பாதித் தூரம் வந்ததும் மூன்றிலக்கத்துக்கு ஏறிவிட்டது. நான்கு சென்ரிமீற்றருக்குக் கிட்ட ஆயிரத்தைத் தாண்டியது. சூப்பியை ஒட்டி அளந்தால் அந்த எல்லை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப்போனது, ஏனென்றால் இப்போது இரண்டு காந்தம்.

மாணவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விதிதான் இது. சிறிய காந்தத்தின் புலம் தூரத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, எதிர்விகிதம். தூரம் இரண்டு மடங்கானால் பலம் எட்டில் ஒன்று. மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று. அதனால்தான் இந்த ஆபத்து கிட்டப் போனால் முழுதாக இருக்கிறது, சற்றுத் தள்ளினால் இல்லாமலே போகிறது. சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பொத்தான் அளவு நியோடைமியக் காந்தங்கள் அத்தனை பேரின் கருவியிலும் மாற்றத்தை உண்டாக்கின. அதிகபட்ச தூரம் 3 சென்ரிமீற்றர். என் தையல் நாடாவும் அதற்கு அயலில்தான் நின்றது. பொம்மையின் வைனைல் உதடு சில மில்லிமீற்றர், மாமியின் சட்டைத் துணி, தோல், அதற்குக் கீழே கருவி. கூட்டினால் இரண்டு சென்ரிமீற்றர் வராது.

புதிய தொலைபேசிகளுக்கும் இதே கதை உண்டு. 2020 இல் வந்த ஐபோன் 12 இன் முதுகில் காந்த வளையம் வைத்தார்கள். அதை நெஞ்சில் வைத்தபோது ஒரு நோயாளியின் ஐ.சி.டி. வேலையை நிறுத்திக்கொண்டதை அமெரிக்க வைத்தியர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் காந்தமுள்ள தொலைபேசியையும் கைக்கடிகாரத்தையும் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொன்னது. அந்தக் கணக்குப் பொம்மைக்கும் பொருந்தும். பெரிய காந்தம் வைத்துச் செய்கிறவர்களும் இருப்பதால் என் நான்கு சென்ரிமீற்றரை யாரும் அளவுகோலாக எடுக்க வேண்டாம். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாண் 15 சென்ரிமீற்றரை விடப் பெரிது, கையோடு இருக்கிறது, மறந்துபோகாது.

ஆனால் மாமிக்குச் சாண் கணக்குச் சொல்ல முடியுமா? “வாயை வலது பக்கம் திருப்பிப் பிடியுங்கள்” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “பிள்ளை வளர்க்க எனக்குப் படிப்பிக்கிறாயோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்றை அடுத்த நாள் கண்டேன். சூப்பியைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, தலையணைக்குள், கழிவறையில் எல்லாம் தேடியாயிற்று. கடைசியில் மாமி மிகச் சாதாரணமாகச் சட்டையின் இடது பக்கத்துக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினார். காசு, கைக்குட்டை, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஆயுள் முழுக்க அங்கேதான் செருகி வைத்தவர். குழந்தையின் சூப்பி நிலத்தில் விழுந்தால் அழுக்காகிவிடும் அல்லவா? பொம்மையை அணைப்பது கொஞ்ச நேரம். மடியில் இறக்கியதும் தூரம் வந்துவிடும். சட்டைக்குள் செருகிய சூப்பி மணிக்கணக்காக அங்கேயே இருக்கும். பொம்மையைப் பற்றி எச்சரிக்கிறவர்கள்கூட இந்தக் கழற்றிய துண்டைப் பற்றிப் பேசுவதில்லை. மாமி போன்ற ஒருவருக்கு எனக்கு அதுதான் முதல் பயம்.

மாமிக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. சோர்வும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆனாலும் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்தத் தொழில்நுட்பவியலாளர் தம்பி சிரிக்காமல் கேட்டார், அதற்காகவே அவருக்கு நன்றி. வந்து ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொன்னார். கருவியின் அமைப்பு எதுவும் மாறியிருக்கவில்லை. பொம்மையை என்ன செய்வது என்று கேட்டேன். “பொம்மை இருக்கட்டும் அம்மா, காந்தம் வேண்டாம்” என்றார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் ஆளுக்கொரு தீர்ப்பு. தூக்கி எறியுங்கள் என்றார் லண்டனில் இருக்கும் பெரிய மைத்துனர். மாலை ஆறு மணிக்கு வாசல் கதவில் மாமியோடு நிற்கிறவர் அவரில்லை. மச்சாள் இரண்டு நாள் பேசவில்லை. தாய்க்கு ஆபத்தை அனுப்பிவிட்டாய் என்று நான் குற்றம் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் குற்றம் சொன்னது விற்றவரை. பல ரீபோர்ன் விற்பனையாளர்கள் காந்தம் இருக்கிறது, பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கவனிக்கவும் என்று தெளிவாக எழுதுகிறார்கள். எங்களுக்கு விற்றவர் கொடி வரைந்த சான்றிதழில் அதற்கு இடம் காணவில்லை.

அகற்றும் வேலையை நானே செய்தேன். தலைக்கும் துணி உடம்புக்கும் நடுவே கழுத்தில் ஒரு கேபிள் டை இறுகக் கட்டியிருந்தது. அதைக் கத்தரித்ததும் தலை கையோடு வந்துவிட்டது. கணவர் இந்தக் கட்டத்தில் பல்கனிக்குப் போய்விட்டார். தலைக்குள் பஞ்சு, பஞ்சுக்கு நடுவே நைலோன் துணியில் முடிந்த ஒரு பொட்டலம், அதற்குள் சீனி போன்ற கண்ணாடி மணி. மெதுவாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன். உள்ளே சின்ன டோர்ச்சை அடித்துப் பார்த்தால் முகத்தின் உட்புறம் தெரிகிறது: மூக்கு ஒரு குழி, கண் இரண்டு குழி, உதட்டின் பின்னால் பழுப்பு நிறப் பசைக் கட்டி. பசைக்கு மேல் ஒரு துண்டுத் துணியையும் ஒட்டியிருந்தார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டியதும் பசை இளகியது. அளவுக்கு மீறிச் சூடு காட்டினால் வைனைல் வளையும், வெளியே பூசிய வர்ணத்துக்கும் நல்லதல்ல. வெண்ணெய்க் கத்தியின் முனையால் ஓரத்தை நெம்பினேன். கத்தி உருக்கு, காந்தம் கத்தியைப் பிடித்துக்கொண்டு பசையோடு கழன்று வந்தது. வெள்ளி போல மின்னும் வட்டம், 10 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. இவ்வளவுதானா என்று இருந்தது.

முடிந்தது என்று தலையைக் கீழே வைக்கும் முன் ஒரு கடதாசிக் கிளிப்பை நூலில் கட்டி மண்டையைச் சுற்றிலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே கிளிப் சரிந்து ஒட்டியது. அங்கே இன்னொன்று! பெண் குழந்தையாக அலங்கரித்தால் ரிபன் பூ ஒட்டுவதற்கு. ஒலிவர் ஆண் பிள்ளை. வார்ப்பு ஒன்று என்பதால் இரு வகைக்கும் ஆயத்தமாக வைத்துவிட்டார்கள் போலும். தோளில் சாய்க்கும் போது நெற்றியும் அதே இடத்தில்தான் படும். அதையும் எடுத்தேன். ஆகவே காந்தத்தை எடுக்கப் போகிறவர்கள் வாயோடு நிறுத்த வேண்டாம். துடிக்கும் இதயம், மூச்சு விடும் வயிறு என்று மின்கலப் பெட்டி வைத்த பொம்மைகளும் இருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் ஒலிபெருக்கியோ மோட்டாரோ இருந்தால் அதிலும் காந்தம் இருக்கும். நூலில் கட்டிய கிளிப் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

எடுத்த காந்தங்களைக் குசினி லாச்சியில் போட்டு வைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். இந்தக் காந்தத்தை ஒரு பிள்ளை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று பிடித்து, நடுவில் அகப்பட்ட குடலை ஓட்டையாக்கிவிடும். அது அரிதாக என்று எழுதித் தப்பக்கூடிய விடயமல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய விடயம். சூப்பியில் இருந்ததையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக ஒட்டவிட்டு, டேப்பால் சுற்றி, மூடி இறுக்கிய பழைய மாத்திரைப் போத்தலில் போட்டு, ஓய்வுக்குப் பிறகும் நான் பாடம் எடுக்கும் அறையில், அலுமாரியின் மேல் தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வருட மாணவர்களுக்குக் கனவிதியைக் காட்டப் பயன்படும்.

இந்த அலுவலுக்குப் பிறகு என் கண்ணுக்குக் காந்தமாகவே படுகிறது. புறக்கோட்டையில் குத்தூசிக்குப் பதிலாகக் காந்தப் பொத்தான்கள் விற்கிறார்கள். பர்தா அணிகிறவர்களுக்கும் சேலைத் தலைப்பைப் பிடிப்பதற்கும் அழகானவை, துணியில் ஓட்டை விழாது. சேலைத் தலைப்பை நாம் குத்துவது எந்தத் தோளில்? அலுவலகங்களில் பெயர்ப்பட்டையைச் சட்டையில் ஒட்டுவதும் இப்போது காந்தம்; அதுவும் நெஞ்சில். கைப்பையின் பூட்டு, காதொலிப்பானின் பெட்டி, மூட்டு வலிக்கென்று வீடு வீடாக விற்கும் காந்த மாலை. இவற்றில் எதுவும் அறையில் இருப்பதால் தீங்கில்லை. கருவிக்கு மேல் ஒட்டியிருப்பதுதான் கேடு. காந்த மாலையை மட்டும் கருவி இல்லாதவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அது வேறு காரணத்துக்காக.

ஒலிவர் மறுநாள் காலையில் புதுக் கேபிள் டையோடு கட்டிலில் இருந்தார். மாமி எழுந்து சூப்பியை வாயில் வைக்க, விழுந்தது. மறுபடி வைக்க, மறுபடி விழுந்தது. “பிள்ளை சூப்பியைத் துப்புகிறான், வயிறு சரியில்லை. ஓமத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வா” என்றார். காலி வீதியில் இருக்கும் மருந்துக் கடைக்கு உண்மையிலேயே போய் வாங்கி வந்தேன். வீட்டில் இருப்பது எங்களுக்கும் நல்லது. காந்தம் எடுத்த சூப்பியில் ஒரு ரிபனைக் கட்டி, பொம்மையின் சட்டையில் துணிப் பிடியால் மாட்டியிருக்கிறேன். சட்டைக்குள் செருகும் பழக்கம் மாமிக்குப் போகவில்லை. இப்போது ரிபனோடு ஒலிவரின் சட்டையும் சேர்ந்து இழுபடுகிறது.

மச்சாள் பிறகு சமாதானமாகி, பொம்மை செய்தவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதற்கு என்னிடம் அளவுகளைக் கேட்டார். அனுப்பினேன்: காந்தத்தின் அகலம், தடிப்பு, எந்தத் தூரத்தில் எந்த எண், நெற்றியிலும் ஒன்று இருந்தது. செய்தவர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். முதியவர்களுக்கென்று கேட்பவர்களுக்கு இனிமேல் காந்தம் வைக்காமல், சூப்பியைப் பிடித்துக்கொள்ளும் களி போன்ற பசையோடு அனுப்புவாராம். யாருக்கென்று சொல்லாமல் வாங்குகிறவர்களுக்கு? சான்றிதழில் கண்ணின் நிறத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும் என்று மச்சாள் திரும்ப எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.